அத்தியாயம் 6: எந்தச் சான்றிதழ், எப்போது?

சுவிஸில் இருக்கிற சித்தப்பா ‘ஐரெப் எடு’ என்பார். ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் ‘சீபாப்தான் பெரிது’ என்பாள். லண்டனிலிருந்து பேசும் பெரியம்மாவின் மகன் பிசிஎஸ் டிப்ளோமாவைச் சொல்வார். கட்டாரில் வேலை செய்யும் கூட்டாளி, பிஎம்ஐ முத்திரை இல்லாவிட்டால் அங்கே ஒருவரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள் என்பார். மட்டக்களப்பில் இருந்துகொண்டு பிஸ்னஸ் அனலிஸ்ட் வேலைக்குப் போக நினைக்கும் ஒருவருக்கு இந்த நான்கு ஆலோசனையும் ஒரே கிழமையில் வட்ஸ்அப்பில் வந்து சேரலாம். நால்வரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் இருக்கும் நாட்டில் எது செல்லுபடியாகுமோ அதைச் சொல்கிறார்கள்.

அந்தந்த நிறுவனம் பிறந்த இடத்தைப் பார்த்தால் இது விளங்கும். சீபாப் சான்றிதழை வழங்கும் ஐஐபிஏ 2003 இல் ரொறன்ரோவில் தொடங்கியது. ஐரெப் 2006 இல் ஜேர்மனியில் உருவானது. ஜேர்மன் பேசும் நாடுகளில்தான் அதற்கு வேர் ஆழம். பிசிஎஸ் 1957 இல் பிரித்தானியக் கணினிச் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத எத்தனையோ பேர் அதன் கணினிப் பரீட்சைகளை எழுதித்தான் தொழிலுக்குள் நுழைந்தார்கள் என்பதால் அந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. பிஎம்ஐ 1969 இல் அமெரிக்காவில் பிறந்தது. திட்ட முகாமையாளருக்கான பிஎம்பி சான்றிதழால் பெயர் எடுத்து, 2014 இல்தான் பிஸ்னஸ் அனலிஸ்ட்களுக்கெனத் தனிச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தது.

ஆகவே ‘எது நல்லது?’ என்ற கேள்விக்கு இந்த அத்தியாயத்தில் பதில் தேடாதீர்கள். வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதுவரை நீங்கள் செய்த வேலையில் எவ்வளவைச் சான்றோடு காட்ட முடியும்? அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் யாரிடம் வேலை கேட்கப் போகிறீர்கள்? பெரும்பாலானோர் இரண்டாவது கேள்வியில் தொடங்கி, காசையும் கட்டிவிட்டு, முதலாவதில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். நாம் முதலாவதிலிருந்தே தொடங்குவோம்.

மணித்தியாலக் கணக்கு

சீபாப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க, கடந்த பத்து வருடத்துக்குள் குறைந்தது 7,500 மணித்தியாலம் பகுப்பாய்வு வேலை செய்திருக்க வேண்டும். கிழமைக்கு 40 மணித்தியாலம், வருடத்துக்கு 50 கிழமை என்றால் ஒரு வருடத்தில் 2,000 மணித்தியாலம் வரும். முழுநேரமும் அந்த வேலையையே செய்பவருக்கே நான்கு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். நமது பக்கத்தில் அப்படி ஒரே வேலையை மட்டும் செய்யும் பதவி அரிது. பாதி நேரம் பகுப்பாய்வு, மீதி நேரம் கணக்கு, வாகன ஒழுங்கு, கூட்டத்துக்குத் தேநீர் சொல்வது என்று போனால் ஏழரை வருடம். ஐஐபிஏயின் நடுப்படியான சிசிபிஏக்கு இதில் பாதி, 3,750 மணித்தியாலம், ஏழு வருடத்துக்குள். ஆரம்பப் படியான ஈசிபிஏக்கு அனுபவமே கேட்பதில்லை.

மொத்தத் தொகை மட்டும் போதாது. ஐஐபிஏயின் கைநூலான பாபொக், 2015 இல் வந்த மூன்றாம் பதிப்பில், இந்தத் தொழிலை ஆறு அறிவுப் பரப்புகளாகப் பிரிக்கிறது: பகுப்பாய்வைத் திட்டமிட்டுக் கண்காணித்தல், தேவைகளைக் கேட்டறிதல், அந்தத் தேவைகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை பராமரித்தல், மூலோபாயப் பகுப்பாய்வு, தேவைகளை ஆராய்ந்து தீர்வை வடிவமைத்தல், தீர்வை மதிப்பிடுதல். சீபாப்புக்கு இவற்றில் நான்கு பரப்புகளில் ஒவ்வொன்றிலும் 900 மணித்தியாலம் காட்ட வேண்டும். பத்து வருடமும் நேர்காணல் மட்டுமே எடுத்தவர் எத்தனை ஆயிரம் மணித்தியாலம் வைத்திருந்தாலும் அது கணக்குக்கு வராது.

‘எங்களிடம் ஏது அனுபவம், நாங்கள் மென்பொருள் கொம்பனியில் வேலை செய்யவில்லையே’ என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர் தங்களையே குறைத்து எடைபோடுகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகும், 2007 இல் கிழக்கில் போர் ஓய்ந்த பிறகும் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் எத்தனை அரசசார்பற்ற நிறுவனங்கள் வேலை செய்தன என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாகரையிலும் வெல்லாவெளியிலும் பட்டிப்பளையிலும் கள உத்தியோகத்தராகவோ கண்காணிப்பு மதிப்பீட்டு உத்தியோகத்தராகவோ இருந்தவர் செய்த வேலையை பாபொக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீடுவீடாகப் போய்க் கேட்டது, மீனவர் சங்கத்தையும் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் தனித்தனியே இருத்திக் கதைத்தது, இருவர் சொன்னதும் பொருந்தாதபோது மறுபடி போனது எல்லாம் தேவைகளைக் கேட்டறிதல். பயனாளி தெரிவுக்கான அளவுகோல் நடுவில் மாறியபோது, யார் மாற்றியது, யார் ஒப்புதல் தந்தது, எந்தப் பட்டியல் இப்போது செல்லும் என்று கோப்பு வைத்தது தேவைகளைப் பராமரித்தல். திட்டம் முடிந்து ஒரு வருடத்தின் பின் போய்ப் பார்த்து அறிக்கை எழுதியது தீர்வை மதிப்பிடுதல். இதில் கணினி இருந்தே ஆகவேண்டும் என்று ஐஐபிஏ எங்கும் நிபந்தனை போடவில்லை.

சரியாகக் கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கரையோரம் கண்டிருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கரையோரங்களுக்கு வந்த படகுகளில் பல கடலுக்கு உதவாதவை; சில இடங்களில் தேவைக்கு மேலாகச் சிறு படகுகள் வந்து குவிந்தன. ‘படகு வேண்டுமா?’ என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்? எந்த நீரில், எந்த வலையோடு, எந்தப் பருவத்தில் தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நேர்முகத்தில் ‘தேவைப் பகுப்பாய்வு என்றால் என்ன?’ என்று கேட்டால், புத்தக வரைவிலக்கணத்தை விட இந்தக் கதையைச் சொல்பவர் நினைவில் நிற்பார்.

எல்லா வேலையும் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிவாரணப் பொருள் விநியோகம், கொடுப்பனவு, பயிற்சிப் பட்டறை நடத்துவது, திட்ட முகாமை, மென்பொருள் கொம்பனியில் என்றால் நிரல் எழுதுவது, சோதனை செய்வது, விற்பனை ஆகியவற்றை ஐஐபிஏ ஏற்பதில்லை. பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை. என்ன பணி செய்தீர்கள் என்றுதான் கேட்கிறது.

ஒரு விரிதாள் திறந்து ஆறு நிரல் போடுங்கள்: திட்டத்தின் பெயர், மாதம், செய்த பணி, எந்த அறிவுப் பரப்பு, மணித்தியாலம், உறுதிப்படுத்தக் கூடியவர். பழைய வேலையை நாட்குறிப்பு, மின்னஞ்சல், அறிக்கைகளை வைத்து நிரப்புங்கள். புதிய வேலையை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுதுங்கள். கடைசி நிரல்தான் நம்மவர்களுக்கு இடறல். சீபாப்புக்கும் சிசிபிஏக்கும் இரண்டு பேரின் சான்றுரை வேண்டும். நிதி முடிந்ததும் அலுவலகம் மூடப்பட்டு, வெளிநாட்டு முகாமையாளர் நைரோபிக்கோ காபூலுக்கோ மாறிப் போயிருப்பார். நிறுவன மின்னஞ்சலும் செத்திருக்கும். இன்னும் அங்கேயே வேலை செய்பவராக இருந்தால், மேலதிகாரியின் சொந்த மின்னஞ்சலை இன்றைக்கே வாங்கி வையுங்கள். விலகிவிட்டவராக இருந்தால் லிங்க்ட்இன்னில் தேடுங்கள். பரீட்சைக் கட்டணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

ஒவ்வொன்றைப் பற்றியும்

அனுபவக் கணக்கு பூச்சியத்துக்கு அருகில் இருந்தால் உங்களுக்கு இரண்டு கதவு: ஐஐபிஏயின் ஈசிபிஏ, பிசிஎஸ்ஸின் ஆரம்பச் சான்றிதழ். பிசிஎஸ் பரீட்சையில் ஒரு மணித்தியாலத்தில் 40 வினாக்கள். 26 சரியானால் சித்தி. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு நாலில் ஒரு பங்கு மேலதிக நேரம் உண்டு. அதைப் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும், பரீட்சை நாளில் கேட்டால் கிடைக்காது. இந்தப் பரீட்சைகள் எதுவும் தமிழில் இல்லை என்பதால் இது சின்னச் சலுகை அல்ல. பாடநூலாக டெப்ரா போல் உள்ளிட்டோர் எழுதி பிசிஎஸ்ஸே வெளியிட்ட நூல் இருக்கிறது. பாபொக்கோடு ஒப்பிட்டால் அது வாசிக்கக் கூடிய ஆங்கிலம். பாபொக் ஓர் அகராதியை வரிசையாக வாசிப்பது போன்றது. வேலை தெரிந்தவருக்கு உதவும், தெரியாதவரைத் தூங்க வைக்கும்.

இரண்டில் ஒன்றை எடுங்கள், இரண்டையும் எடுக்காதீர்கள். இரண்டு ஆரம்பச் சான்றிதழ் வைத்திருப்பவர் இரண்டு மடங்கு ஆரம்பநிலையில் இருக்கிறார் என்றுதான் ஆள் எடுப்பவர் நினைப்பார். கொழும்பு மென்பொருள் கொம்பனிகளைக் குறி வைத்தால், பின்னர் சிசிபிஏ, சீபாப் என்று ஏறிப் போக முடியும் என்பதால் நான் ஈசிபிஏ பக்கம் சாய்வேன். ஆங்கில வாசிப்பு கனமாக இருக்கிறது என்றாலோ, பிரித்தானியத் தொடர்பு இருக்கிறது என்றாலோ பிசிஎஸ். அதன் சர்வதேச டிப்ளோமா நான்கு பாடங்களும் கடைசியில் ஒரு வாய்மொழிப் பரீட்சையும் கொண்டது. சரியான விடைக்குப் புள்ளடி போடுவதில் கெட்டிக்காரர் பலர். எதிரே இருப்பவரிடம் தன் பகுப்பாய்வை வாயால் விளக்கத் தெரிந்தவர் குறைவு. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்த டிப்ளோமாவில் மதிப்பு அதிகம்.

சிசிபிஏயில் மூன்று மணித்தியாலத்தில் 130 வினா, சீபாப்பில் மூன்றரை மணித்தியாலத்தில் 120 வினா. சீபாப் வினாக்களில் பல நீண்ட சம்பவ விவரணைகளைத் தொடர்ந்து வருபவை. விண்ணப்பிக்கும் முன் கடந்த நான்கு வருடத்தில் சிசிபிஏக்கு 21, சீபாப்புக்கு 35 மணித்தியாலத் தொழில்சார் கற்கை இருக்க வேண்டும். பெற்ற பின் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 அலகுகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். சிசிபிஏ வேண்டாம், காத்திருந்து நேரே சீபாப் எடுக்கலாம் என்பது என் கருத்து. விதிவிலக்கு, நாலாயிரம் மணித்தியாலத்தோடு இப்போதே வேலை மாறப் போகிறவர்.

பிஎம்ஐயின் பிபிஏ பற்றி அதிகம் சொல்ல இல்லை. பட்டதாரி என்றால் கடந்த எட்டு வருடத்துக்குள் 36 மாத அனுபவம், பட்டம் இல்லையென்றால் 60 மாதம், இரு சாராருக்கும் 35 மணித்தியால வகுப்பு. நான்கு மணித்தியாலத்தில் 200 வினா. வளைகுடா நாடுகளில் திட்ட முகாமையோடு ஒட்டிய வேலை தேடுபவருக்கும், ஏற்கெனவே பிஎம்பி வைத்திருப்பவருக்கும் பொருத்தம். மற்றவர்கள் சும்மா கடந்து போகலாம்.

ஐரெப்பின் சிபிஆர்ஈ ஆரம்பநிலை, மென்பொருள் தேவைகளை எழுதுவதில் கூர்மையானது. பாடத்திட்டமும் கலைச்சொல் அகராதியும் இணையத்தில் இலவசம். பரீட்சையே எழுதாவிட்டாலும் அவற்றை இறக்கி வாசியுங்கள். ஒரு தேவையை இரண்டு பொருள் வராமல் எழுதுவது எப்படி என்று இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு இலவசப் பொருள் குறைவு. ஆரம்பநிலைச் சான்றிதழ் காலாவதியாவதில்லை. இலங்கை வேலை விளம்பரங்களில் இந்தப் பெயரைத் தேடினால் கண் வலிக்கும் என்பது வேறு விடயம்.

பிஸ்னஸ் அனலிஸ்ட் பரீட்சை அல்லாத ஒன்றையும் சேர்க்கிறேன். ஸ்க்ரம் முறையில் இயங்கும் சிறு குழுக்களில் பகுப்பாய்வு வேலையும் பொருள் உரிமையாளர் வேலையும் ஒருவர் தலையிலேயே விழுவதுண்டு. ஸ்க்ரம்.ஓர்க் நடத்தும் பிஎஸ்பிஓ முதல்நிலைப் பரீட்சைக்கு வகுப்புக் கட்டாயமில்லை. 60 நிமிடத்தில் 80 வினா, 85 சதவீதம் எடுக்க வேண்டும், புதுப்பிக்கத் தேவையில்லை. வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக் குழுக்களுக்கு வேலை செய்ய விரும்புவோருக்கு இது ஈசிபிஏயை விடப் பயன் தரலாம்.

அரச உத்தியோகத்தர்களுக்கு ஒரு வரி: உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். அதில் இல்லாத சான்றிதழ் பதவி உயர்வைக் கொண்டுவராது. தனியார் துறைக்கு மாறும் எண்ணம் இல்லையென்றால் இந்தக் காசைச் சேமியுங்கள்.

காசு

கட்டணமெல்லாம் டொலரிலோ பவுணிலோ. 200 டொலர்ப் பரீட்சை ஒன்றுக்கு 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய 40,000 ரூபா போதும். அதே வருடம் மே மாதத்தில் எழுபதாயிரத்தைத் தாண்டியது. டொலர் 300 ரூபா அளவில் நிற்கும்போது 60,000. மென்பொருள் கொம்பனியில் பயிலுநராகச் சேருபவரின் மாதச் சம்பளம் அதற்குப் போதாமலும் போகலாம். ஆகவே கட்டணத்தைப் பார்க்கும்போது பரீட்சைக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். உறுப்பினர் சந்தா, கட்டாய வகுப்பு, தோற்றால் மீண்டும் எழுதும் கட்டணம், மூன்று வருடத்தில் வரும் புதுப்பித்தல், வங்கி எடுக்கும் தரகு எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டி, ஐந்து வருடச் செலவாகப் பாருங்கள். பல இடங்களில் உறுப்பினருக்குப் பரீட்சைக் கட்டணம் குறையும். சந்தாவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையில் இலாபமா என்று தெரியும்.

நகையை அடகு வைத்து எடுக்கக் கூடிய சான்றிதழ் இந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை. சீட்டு எடுத்துக் கட்டுவது பரவாயில்லை. வேலை செய்யும் கொம்பனியே கட்டினால் மிக நல்லது, ஆனால் கையெழுத்து வைக்கும் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் விலக முடியாது என்று எழுதியிருக்கிறது என்பதை வாசித்துவிட்டு வையுங்கள். சுவிஸ் சித்தப்பா கட்டித் தருகிறேன் என்றால், ஐரெப்தான் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிறதா என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பு விற்பவர்களிடமும் கவனம். வகுப்பு முடித்ததற்கு அவர்கள் தரும் சான்றிதழும், மேலே சொன்ன நிறுவனங்கள் பரீட்சை வைத்துத் தரும் சான்றிதழும் ஒன்றல்ல. ‘சீபாப் பயிற்சிச் சான்றிதழ்’ என்று அச்சடித்துத் தந்தால் அது சீபாப் ஆகாது. ஐஐபிஏயும் பிஎம்ஐயும் தாம் அங்கீகரித்த பயிற்சி நிறுவனங்களின் பட்டியலைத் தம் தளத்தில் வைத்திருக்கின்றன. பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அப்படியே பரீட்சையில் வரும் வினாக்கள்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் போய்விடும், மறுபடி எழுதவும் விடமாட்டார்கள். விதிகளும் கட்டணங்களும் மாறிக்கொண்டே இருப்பதால், காசு கட்டும் நாளில் அந்த நிறுவனத்தின் பரீட்சார்த்திக் கைநூலை இறக்கி, இந்த அத்தியாயத்தில் உள்ள எண்களை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காசு கட்டுமுன் இலவசமாகச் செய்யக் கூடிய ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரிந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தையோ அரிசி ஆலையையோ பாசிக்குடாவில் உள்ள சிறு விடுதியையோ எடுங்கள். கடன் பதிவோ அறை முன்பதிவோ இப்போது எப்படி நடக்கிறது, எங்கே தடங்குகிறது, எப்படி நடந்தால் நல்லது என்று நான்கைந்து பக்கத்தில் படத்தோடு எழுதுங்கள். வந்தாறுமூலையில் முகாமைத்துவம் படித்துவிட்டு இப்படி ஓர் அறிக்கையோடும் ஒரே ஓர் ஆரம்பச் சான்றிதழோடும் கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போகும் பிள்ளை, மூன்று சான்றிதழோடு வெறுங்கையாக வருபவரை விட நீண்ட நேரம் பேச முடியும். பேசுவதற்குப் பொருள் இருக்கிறதே.

பரீட்சை நாள்

இப்போது பெரும்பாலான பரீட்சைகளை வீட்டிலிருந்தே எழுதலாம். கமராவும் மைக்கும் திறந்திருக்க, தூரத்தில் ஒருவர் கண்காணிப்பார். அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது, குரல் கேட்கக்கூடாது, கைத்தொலைபேசி பக்கத்தில் இருக்கக்கூடாது. கொழும்புக்கு இரவு பஸ் ஏறிப் போகும் செலவு மிச்சம்தான், ஆனால் ஊரை அறிந்து நாளைத் தெரிவு செய்யுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் கிராமத்தில் ஒலிபெருக்கிக்குக் கீழே அமர்ந்து சீபாப் எழுத முடியாது. கார்த்திகை, மார்கழி வடகீழ்ப் பருவமழையில் கரண்ட் போவதும் இணைப்பு அறுவதும் புதிதல்ல. மழையில்லாத நாளிலும் உத்தரவாதம் இல்லை: 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது. மடிக்கணினியின் பற்றரி மட்டும் போதாது. இணைப்புப் பெட்டிக்கும் ஒரு சிறு யுபிஎஸ் வேண்டும். கைத்தொலைபேசியை மாற்று இணைப்பாக வைக்க விடமாட்டார்கள் என்பதால், வேறு கொம்பனியின் டொங்கிள் ஒன்றை இரவல் வாங்கியாவது வைத்திருங்கள். இதெல்லாம் முடியாது என்றால், கொழும்பில் பரீட்சை நிலையம் உள்ள பரீட்சையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கடைசியாகப் பெயர். நம்மில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பல்கலைக்கழகச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்தோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் விரித்தெழுதிய ஒரு பெயர். பரீட்சைக்குப் பதிவு செய்யும் பெயரும் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் திரும்பாது. பழைய தேசிய அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இல்லை. 2017 இன் பின் வந்த புதிய அட்டையோ கடவுச்சீட்டோ இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். கணக்குத் திறக்கும்போது கடவுச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே தட்டச்சுச் செய்யுங்கள். ஐஐபிஏ, பிஎம்ஐ, பிசிஎஸ் என்று எங்கே கணக்குத் திறந்தாலும் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல்.